நல்லாத்தான் இருக்காங்களாம்!

போன வாரம் நண்பர் ஒருத்தர் ஒரு கொசுவத்தி பதிவு போட்டிருந்தார். ஊர்ல தனியா இருக்கற 81 வயசு பாட்டி, இன்னிக்கும் தானே தண்ணி எடுத்து, தானே சமைச்சு, யாருக்கும் பாரமில்லாம சிங்கம் மாதிரி இருக்காங்கன்னு. கீழே வரிசையா பின்னூட்டம். "அந்தக் காலத்து உடம்பு சார்!" "களியும் கம்பும் தின்ன உடம்பு!" "நம்மால முடியுமா?" நானும் என் பங்குக்கு ஒரு ஸ்மைலி போட்டுட்டு வந்துட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரலை. அந்த ஸ்மைலியை வாபஸ் வாங்கத்தான் இந்தப் பதிவு. நண்பர் கோவிச்சுக்கக் கூடாது. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, எழுதித்தான் ஆகணும்.

ஏன்னா அதே பதிவை நானும் எழுதியிருக்கேன் மக்கா. ஆள்தான் வேற. என் பெரியம்மா. ஊரு மசினகுடி.

போகாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டியிலேர்ந்து கல்லட்டி வழியா 36 கொண்டை ஊசி வளைவு இறங்கினா மசினகுடி. இந்தப் பக்கம் முதுமலை, அந்தப் பக்கம் மாயாறு, கொஞ்சம் உள்ளே போனா சிங்காரா மின்நிலையம். பைக்காரா தண்ணி விழுந்து 1932-லேர்ந்து கரண்டு எடுக்கற இடம். பெரியப்பா மின்வாரியத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆகி, அங்கேயே ஒரு வீடு கட்டினார். 2016-ல போய்ச் சேர்ந்தார். அண்ணன் திருப்பூர், அக்கா பெங்களூரு, நான் கோயமுத்தூர். பெரியம்மா மட்டும் அங்கே. "காத்து நல்லா இருக்கு, அக்கம்பக்கம் ஆள் இருக்கு, எனக்கென்ன கண்ணு" - இது அவங்க. "ஆமாமா, இங்கே வந்து இந்தப் புகையில என்ன பண்ணப் போறே" - இது நாங்க. எல்லாருக்கும் வசதியான ஒப்பந்தம்.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன். கேள்வி மூணே மூணு. சாப்டாச்சா? மழையா? யானை வந்துச்சா? பதிலும் ரெடியா இருக்கும். சாப்டேன், தூறல், நேத்து வந்து போச்சு. மூணாவது பதில்ல ரெண்டு நிமிஷம் கதை ஓடும். யானைக் கதையைக் கேட்டுட்டு நான் ஆபீஸ்ல சொல்லி பெருமை அடிச்சுப்பேன். இந்த மூணு கேள்விக்கும் தூக்கத்துல கூட பதில் சொல்லலாம்ங்கறது எனக்கு உறைக்கவே இல்லை. போனை வெச்சதும் தங்கமணி கேப்பா, "பெரியம்மா எப்படி இருக்காங்க?" "நல்லாத்தான் இருக்காங்களாம்."

அந்த 'ளாம்'ல இருக்கு சாமி எல்லா அயோக்கியத்தனமும்.

சரி, பலாப்பழ விஷயத்துக்கு வர்றேன். வீட்டுக்குப் பின்னாடி ஒரு பலா மரம். மசினகுடிக்காரங்களுக்குத் தெரியும், பழுத்த பலா வீட்டுப் பக்கத்துல இருந்தா யானைக்குப் பத்திரிகை வெச்சுக் கூப்பிட்ட மாதிரி. வாசனை புடிச்சு வந்துடும். அதனால பெரியம்மா வருஷா வருஷம் காயாவே ஆளை விட்டு வெட்டி இறக்கிடுவாங்க. கொஞ்சம் பொரியலுக்கு, மிச்சம் அக்கம்பக்கத்துக்கு. நாப்பது வருஷமா இது தவறினதில்லை. 2022-ல தவறிச்சு. பழம் மரத்துலயே பழுத்துச்சு, யானை வந்துச்சு, பின்பக்கச் சுவர் போச்சு.

நாங்க என்ன பண்ணினோம்? யானையைத் திட்டினோம். வனத்துறையைத் திட்டினோம். ரிசார்ட்காரங்களைத் திட்டினோம். அண்ணன் வந்து சுவரைக் கட்டிக் கொடுத்துட்டு போட்டோ எடுத்து குடும்ப வாட்சப்புல போட்டார். நான் அதை வெச்சு ஒரு பதிவே தேத்தினேன். நாப்பது வருஷமா காயிலேயே வெட்டின மனுஷி இந்த வருஷம் ஏன் வெட்டலைன்னு மட்டும் எங்க மூணு பேர்ல ஒருத்தரும் கேக்கலை. மறந்துட்டாங்களா? ஆளைக் கூப்பிட முடியலையா? கூலி கொடுக்கக் கையில காசு இல்லையா? கேட்டிருந்தா மூணுக்குமே "ஆமாம்"னு பதில் வந்திருக்கும். இது எனக்குத் தெரிய இன்னும் ஒரு வருஷம் ஆச்சு.

காசு இல்லாததுக்குக் காரணம், குடும்ப ஓய்வூதியத்துக்கு வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றை அவங்க கொடுக்கலை. பென்ஷன் நின்னு போச்சு. பெரியப்பா இருந்தப்பவும் சரி, போனப்புறமும் சரி, தேதி குறிச்சு வெச்சு முதல் ஆளா போய் நிக்கற மனுஷி அவங்க. நாலு மாசம் சேமிப்புல ஓட்டியிருக்காங்க. சர்க்கரை டப்பாவுல வெச்சிருந்த பணம் வரைக்கும் தீர்ந்திருக்கு. நான் மே மாசம் போனப்ப டீக்கு பதிலா சுக்குத்தண்ணி கொடுத்தாங்க. "பால் சேர்றதில்ல கண்ணு"ன்னாங்க. ஆஹா, இயற்கை வாழ்வுன்னு நினைச்சேன் நான். சொந்த செலவில் சூனியம்னு நம்மாளுங்க எழுதுவோமே, இது அடுத்தவங்க செலவுல.

அதே மே மாசம் இன்னொண்ணும் நடந்துச்சு. இதைத்தான் எழுதக் கை வரலை.

வீட்டுக்குள்ளே இருக்கற பாத்ரூம்ல பல்பு எரியலை. நான் செல்போன் டார்ச்சைப் போட்டுக்கிட்டு போய் வந்தேன். வெளியே வந்து, "என்ன பெரியம்மா, பல்பு கூட மாத்த மாட்டியா? மின்வாரியத்துக்காரர் வீட்டுலயா இருட்டு?"ன்னு ஜோக் வேற அடிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க. "மாத்தணும், மாத்தணும்." நான் சாயங்காலம் பஸ் ஏறிட்டேன். கடை வீட்டுலேர்ந்து பத்து நிமிஷ நடை. பல்பு என்ன விலை இருக்கும், நூறு ரூபாய்?

2023 ஜூலை. விடிகாலை நாலு மணி சுமாருக்கு பெரியம்மா எழுந்திருக்காங்க. உள்ளே இருட்டு. ஸ்டூல் மேல ஏறி பல்பு மாட்ட முடியலை, யாரையும் கேக்கவும் இல்லை. தெருவிளக்கு வெளிச்சம் விழுதுன்னு மூணு மாசமா பின்னாடி இருக்கற பழைய கக்கூஸுக்குத்தான் போயிட்டிருந்திருக்காங்க. மசினகுடியில, விடிகாலை நாலு மணிக்கு, கதவைத் தொறந்துக்கிட்டு! மழையில படி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போச்சு. பால் ஊத்த வந்த அம்மா ஆறரை மணிக்குப் பார்த்திருக்காங்க. அந்த ரெண்டரை மணி நேரம் அவங்க எங்கே கிடந்தாங்கன்னு அந்த ஊரைத் தெரிஞ்சவங்க யோசிச்சுக்கங்க. நான் அதுக்கு மேல யோசிக்கிறதில்லை.

உடைஞ்ச இடுப்போட கல்லட்டி வளைவு எல்லாம் ஏறி ஊட்டி, அங்கேர்ந்து கோயமுத்தூர், ஆபரேஷன். நான் போய்ப் பார்க்கறப்ப மயக்கம் தெளிஞ்சு கிடக்காங்க. கேட்டேன், "ஏன் பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா கூட்டிட்டுப் போயிடுவீங்கல்ல."

இவ்வளவுதான் சொன்னாங்க. முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

இப்ப என் சண்டைக்கு வர்றேன். வயசானவங்களுக்கு உதவி தேவைங்கறது நமக்கு ஏன் தெரிய மாட்டேங்குது? 'அவங்க சொல்றதில்லை, நாங்க எப்படிக் கண்டுபுடிக்கிறது'ம்போம். சொல்லாம இருக்கறதுக்குக் காரணமே நாமதான்யா. நம்ம கையில இருக்கறது ரெண்டே ரெண்டு பதில். ஒண்ணு, நீ தைரியசாலி, தனியாவே இரு. இல்லைன்னா வீட்டைப் பூட்டு, சாவியைக் கொடு, கார்ல ஏறு. நடுவுல ஒண்ணுமே கிடையாது. பல்பு மாட்டிக் குடுன்னு கேட்டா, பல்போட நிக்காது, வீடே போயிடும்னு பெரியம்மாவுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அப்படித்தான் நடந்துச்சு. ஒரு தடவை அடுப்புல பால் தீய்ஞ்சுச்சு, ஒரே வாரத்துல பையன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான், பத்தாவது மாசம் திருப்பூர் அபார்ட்மெண்டுலேர்ந்து செய்தி வந்துச்சு. அதைப் பார்த்தவங்க வாயைத் தொறப்பாங்களா? தீய்ஞ்ச பாத்திரத்தைத் தேய்ச்சு வெச்சுட்டு, "நல்லா இருக்கேன் கண்ணு"ம்பாங்க. நாமளும் நிம்மதியா போனை வெச்சுடுவோம்.

அப்புறம்தான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன் (லேட்டுதான், தெரியும்). 1969-ல அமெரிக்காவுல லாட்டன், பிராடின்னு ரெண்டு பேர் ஒரு அளவுகோல் போட்டாங்க. வயசானவங்க தனியா வாழ முடியுதான்னு பார்க்க எட்டு விஷயம். போன் பேசறது, கடைக்குப் போறது, சமைக்கறது, வீட்டைப் பார்த்துக்கறது, துணி துவைக்கறது, வெளியே போய் வர்றது, மாத்திரையை ஒழுங்கா எடுக்கறது, பணம் காசைக் கையாள்றது. அதுக்கு முன்னாடியே 1963-ல காட்ஸ்னு ஒரு டாக்டர் குழு இன்னொண்ணு போட்டிருந்தாங்க. குளிக்கறது, உடுத்தறது, கக்கூஸ் போறது, எழுந்து உட்கார்றது, சிறுநீர் மலம் அடக்கறது, சாப்பிடறது. பெரும்பாலும் முதல் பட்டியல்ல இருக்கறதுதான் முதல்ல ஆட்டம் காணும். நாம கவனிக்கிறதோ ரெண்டாவது பட்டியலை. தானே குளிக்கிறாங்களா? தானே சாப்பிடறாங்களா? அப்ப சரி, நல்லா இருக்காங்க! கணக்கு வழக்கும் மாத்திரையும் பலாக்காயும் எப்பவோ கைவிட்டுப் போயிருக்கும்.

அதுலயும் கொடுமை பாருங்க. எட்டுல முதலாவது போன். எங்க பெரியம்மா போன் பேசறதுல நூத்துக்கு நூறு. நாங்க மூணு பேரும் வாரா வாரம் அந்த ஒரே பாடத்துல பரீட்சை வெச்சு, மீதி ஏழுலயும் பாஸ் போட்டுட்டு இருந்தோம்.

ஆபரேஷனுக்கப்புறம் வீட்டைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அங்கேயேதான் இருந்துச்சு. ஹார்லிக்ஸ் பாட்டில்ல பிரஷர் மாத்திரை அட்டை அட்டையா, பிரிக்காம. ஆரம்ப சுகாதார நிலையத்துலேர்ந்து வாங்கியிருக்காங்க, முழுங்கலை. காலண்டர்ல ஏப்ரல் மாசம் தொங்குது. ஃப்ரிட்ஜ்ல ஒரு தூக்குல ஏதோ. என்னன்னு எழுத வேண்டாம். பேக்கரி பன் கவர் மட்டும் ஒரு மூட்டை. கேஸ் சிலிண்டர் புக் பண்ணி ஏழு மாசம் ஆச்சு. பெரியப்பா போட்டோவுக்கு மட்டும் அன்னிக்குக் கட்டின கனகாம்பரம். (இதை எந்தப் பட்டியல்ல சேர்ப்பாங்களோ, தெரியலை.) மே மாசம் நான் அதே வீட்டுல ரெண்டு நாள் இருந்தேன். ஃப்ரிட்ஜைத் தொறக்கலை. தொறந்தா தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சா ஏதாவது செய்யணும். எனக்குத் திங்கக்கிழமை ரிவ்யூ மீட்டிங்.

தெரியாம போச்சுன்னு சொல்றது பொய். நாம பார்க்கறதில்லை. பார்த்தா வேலை வரும், அதனால பார்க்கறதில்லை.

"சட்டம் இருக்கே பாஸ்"னு ஒரு குரூப் வரும். 2007-லேயே பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தாச்சு, கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுக்கலாம், பராமரிப்புத் தொகை மாசம் 10,000 வரைக்கும்னு சட்டத்துலயே போட்டிருக்கு. நல்ல சட்டம்தான், கைவிட்ட பிள்ளைங்களுக்கு வேணும். ஆனா அவங்களோ, அவங்களுக்காக வேற யாரோ போய் மனு கொடுத்தாத்தான் பெரும்பாலும் அது நகரும். எங்க பெரியம்மாவை யாரும் கைவிடலையே. வாரா வாரம் போன், தீபாவளிக்குப் புடவை, வாட்சப்புல பிறந்தநாள் கேக் படம். எந்த கோட்டாட்சியர் எங்க மேல கேஸ் போடுவார்?

ஒரு தேதியைச் சொல்றேன். 2021 அக்டோபர் 1. உலக முதியோர் தினம். அன்னிக்கு டெல்லியில 14567-ங்கற முதியோர் உதவி எண்ணை நாடு முழுக்க ஆரம்பிச்சு வெச்சாங்க. அதே நாள் மசினகுடியில மாடு மேய்க்கப் போன, எண்பதைத் தாண்டின ஒரு பெரியவரைப் புலி அடிச்சுக் கொன்னுச்சு. டி23-ன்னு அப்ப எல்லா டிவியிலயும் ஓடிச்சே, அந்தப் புலி. ட்ரோன், கும்கி யானை, மோப்ப நாய், கேமரான்னு மூணு வாரம் தேடி, அக்டோபர் 15 அன்னிக்கு உயிரோட புடிச்சு மைசூருக்குக் கொண்டு போனாங்க. சுடணுமா கூடாதான்னு கோர்ட்டு வரைக்கும் போச்சு. நம்மாளுங்களும் ரெண்டா பிரிஞ்சு கும்மி அடிச்சோம், நானும்தான், புலி கட்சி.

அந்தக் குடும்பத்தைப் பத்திப் பேச எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை, பேசவும் மாட்டேன். அங்கே மாடுதான் சோறு. சாகற வரைக்கும் மேய்ச்சாகணும்ங்கறது நிறைய பேருக்கு வாழ்க்கை. நான் கேக்கறது நம்மளை. எண்பது வயசுக்கு மேல ஒருத்தர் தனியா காட்டோரம் போக வேண்டியிருக்குங்கறதைப் பத்தி நாம ஒருத்தராவது ஒரு வரி எழுதினோமா? புலிக்கு வயசு என்ன, காயம் எங்கேன்னு எல்லாருக்கும் தெரியும். சுவரை உடைச்ச யானையைப் பத்தி நான் பதிவு போட்ட மாதிரியேதான் இதுவும். காட்டுமிருகம் வந்துட்டா ரொம்ப சௌகரியம், வீட்டுக்குள்ளே பார்க்க வேண்டியதில்லை.

அரசாங்கத்தைக் கூட இந்த விஷயத்துல நான் அவ்வளவு திட்ட மாட்டேன். 2021 ஆகஸ்டுல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தர்றதுன்னு வெச்சாங்க. 2025 ஆகஸ்டுல 70 வயசு தாண்டினவங்களுக்கு ரேஷனை வாசல்லயே கொடுக்கத் தாயுமானவர் திட்டம் ஆரம்பிச்சாங்க. மாத்திரை வாசல் வரைக்கும் வரும். அட்டையைப் பிரிச்சாங்களான்னு பாட்டில்ல பார்க்க வேண்டியது யாரு? அரிசி வரும், அது பொங்கினதா பூச்சி புடிச்சதான்னு மூடியைத் தொறக்க வேண்டியது யாரு? அதுக்கு அதிகாரி வரணுமா?

இன்னொரு விஷயம். லாட்டன் அளவுகோல்ல அந்தக் காலத்துல ஆம்பளைங்களுக்கு சமையல், துவைக்கறது, வீட்டு வேலை மூணையும் விட்டுட்டு அஞ்சுக்குத்தான் மார்க் போட்டாங்களாம். சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வரலை. பாட்டி போனப்புறம் தனியா இருக்கற தாத்தாக்களை நினைச்சுப் பாருங்க. அவருக்கு அந்த மூணும் என்னிக்குமே தெரியாது. 'வயசாச்சு, இளைச்சுட்டார்'னு சொல்லிட்டுப் போறோம். பசியா இருக்கும்யா.

சரி, பெரியம்மா என்ன ஆனாங்க? ஆபரேஷன் முடிஞ்சு திருப்பூர்ல அண்ணன் வீட்டுல அஞ்சு மாசம். அண்ணி மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது, தங்கமா பார்த்துக்கிட்டாங்க. ஆனா பெரியம்மா பேச்சையே நிறுத்திட்டாங்க. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதிர் பிளாட் சுவரைப் பார்த்துட்டு இருப்பாங்க. ஒரு நாள் அக்காதான் பெங்களூர்லேர்ந்து வந்து சண்டை போட்டா. "கொண்டு போய் விடுங்க. எப்படி விடறதுன்னு உட்கார்ந்து பேசுங்க. விடறதா வேண்டாமான்னு பேசாதீங்க." எங்க வீட்டுல மூளை அவளுக்குத்தான்.

2024 தை மாசம் கொண்டு போய் விட்டோம். பால் ஊத்தற அம்மாவோட மருமகள் காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மாசம் ஆறாயிரம், மூணு பேரும் ரெண்டு ரெண்டாயிரம். பழைய கக்கூஸை இடிச்சாச்சு. உள்ளே பாத்ரூம்ல கைப்பிடி, வழுக்காத தரை, ரெண்டு பல்பு. ஏழு அறை வெச்ச மாத்திரை டப்பா. உயிர்வாழ் சான்று தேதி என் செல்போன்ல, அண்ணன் செல்போன்ல, அக்கா செல்போன்ல. பலாக்காயை மே முதல் வாரமே ஒரு பையன் வந்து இறக்கிடறான், கூலி முன்கூட்டியே கொடுத்தாச்சு. எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். மறதி கூடிக்கிட்டேதான் வருது. ஒரு நாள் அந்தப் பொண்ணைப் பார்த்து "நீ யாரும்மா?"ன்னு கேட்டிருக்காங்க. இந்த ஏற்பாடு எவ்வளவு நாளைக்குத் தாங்கும்னு தெரியாது. தாங்காதப்ப ராத்திரித் துணைக்கும் ஆள் பார்க்கணும், அதுக்கும் அந்தப் பக்கத்துல ஆள் கிடைக்கிறது லேசில்லை. அதைத்தான் இப்ப பேசிட்டு இருக்கோம், அவங்களையும் கூட உட்கார வெச்சுக்கிட்டு.

ஞாயித்துக்கிழமை போன் இப்பவும் உண்டு. யானைக் கதையும் உண்டு. அதோட, டப்பாவுல சனிக்கிழமை அறை காலியா, என்ன குழம்பு, யார் கடைக்குப் போனது, எவ்வளவு சில்லறை மிச்சம்னு எல்லாம் கேக்கறேன். "போலீஸ்காரன் மாதிரி கேக்காதடா"ன்னு திட்டு விழுது. போன வாரம் அவங்களா சொன்னாங்க, "கண்ணு, சமையல்கட்டு பல்பு மினுக்கு மினுக்குங்குது, வர்றப்ப ஒண்ணு வாங்கிட்டு வா."

கொசுவத்தி நண்பரே, உங்க பாட்டி நிஜமாவே நல்லா இருக்கலாம். இருக்கட்டும். ஆனா அடுத்த தடவை போறப்ப போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஃப்ரிட்ஜைத் தொறந்து பாருங்க. "எங்க பாட்டியை நீ யாருய்யா சொல்ல"ன்னு பின்னூட்டம் வரும்னு தெரியும். வரட்டும். பதில் போட லேட்டாகும், இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பறேன். பல்பு வாங்கியாச்சு, ரெண்டா.